திரும்பி வராத வண்டி

அத்தியாயம் 7

"இந்த வண்டியை ஓட்டினவனைத்தான் முதல்ல புடிச்சு உள்ள போடணும்," என்றார் மீட்டர் மேடம்.

ஓட்டைவாய் டீ கிளாஸை வைத்துவிட்டு மேசைமேல் எட்டிப் பார்த்தான். அங்கே இருந்தது ஒரு காகிதம். அதில் ஒரு கிராஃப். ஒரு நீலக் கோடு, அதன்மேலேயே ஒரு பச்சைக் கோடு. நான்கு நாளாகக் கேஸ் கட்டைப் புரட்டிப் புரட்டி அவனுக்குக் கண் பூத்துப் போயிருந்தது; இந்தப் பக்கத்தை மேடம் எடுத்தது இன்றைக்குக் காலையில்தான்.

"எந்த வண்டி மேடம்? இதுல ரெண்டு கோடுதானே இருக்கு. காலையில மாத்திரை போட்டீங்களா?"

"வாயை மூடிட்டுக் கண்ணைத் திற."

செருப்புக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் மேடத்தின் துப்பறியும் ஆபீஸ். அரசாங்க அளவீட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் தராசு, கடிகாரம், ஜி.பி.எஸ் பெட்டி என்று கண்டதையும் சோதித்துச் சான்று கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். மீட்டர் மேடம் என்பது ஊர் வைத்த பெயர். ஓட்டைவாய்க்குப் பெயர் வைத்தது அவன் பெண்டாட்டி. டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த நாற்பது வயது ஆள். ஒரு கேஸில் மேடத்தைச் சவாரி ஏற்றி வந்தவன், பேச்சை முடிக்காமல் இங்கேயே உதவியாளாகத் தங்கிவிட்டான்.

எதிர் நாற்காலியில் பஸ் டிரைவரின் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. உள்ளங்கை இரண்டும் சோடாவில் வெந்து வெளுத்திருந்தது.

அவள் புருஷன் உள்ளே போய்ப் பதினோரு மாதம். நாற்சந்தியில் அவன் ஓட்டிய பஸ் மோதி, சைக்கிளில் வந்த தபால்காரர் ஒருவர் அங்கேயே போய்விட்டார். நான் மஞ்சளில்தான் போனேன் என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யார் கேட்டார்கள்? பஸ்ஸில் இருந்த ஜி.பி.எஸ் பெட்டி வேறு கதை சொன்னது. நான்கு மணி பதினேழு நிமிஷம் முப்பத்திரண்டாவது நொடியில் பஸ் வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாம். சிக்னலின் பதிவேடோ முப்பதாவது நொடியிலேயே சிவப்பு விழுந்துவிட்டது என்றது. இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிக்கு ஏழு வருஷம் கேட்டு நிற்கிறார் அரசு வக்கீல். வியாழக்கிழமை தீர்ப்பு. இன்றைக்குச் செவ்வாய்.

பெட்டி யோக்கியமானது என்பதற்கு அதைச் செய்த கம்பெனியின் சோதனை அறிக்கைதான் சாட்சி. அதிலிருந்து போலீஸ் கோப்பில் சேர்த்திருந்த ஐந்து பக்கங்களில் ஒன்றுதான் மேசைமேல் கிடந்த கிராஃப்.

"நீலம், வண்டி போனது. பச்சை, வண்டி திரும்பி வந்தது. எந்த ரோடு?" என்றார் மேடம்.

"பைபாஸ். நான் டயர் தேய்ச்ச ரோடாச்சே."

"நடுவுல என்ன இருக்கு?"

"மரம். போறதுக்கு ஒரு ரோடு, வர்றதுக்கு ஒரு ரோடு, நடுவுல இருபது மீட்டருக்கு மரமா…" ஓட்டைவாய் காகிதத்தைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனான். "அடப்பாவி! வந்தவனும் போன ரோட்லயே வந்திருக்கான்!"

"அஞ்சு கிலோமீட்டரும். எதிர்ல வர்ற லாரி, பஸ் அத்தனைக்கும் மூஞ்சியைக் காட்டிக்கிட்டு. இங்க பாரு, கோடு கொஞ்சம் புடைச்சிருக்கு. ஓரமா நின்ன ஏதோ ஒரு வண்டிக்கு ஒதுங்கிப் போயிருக்கான். திரும்பி வரும்போதும் அதே இடத்துல, அதே அளவுக்கு ஒதுங்கியிருக்கான். பொம்மை மாதிரி."

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா," என்றாள் டிரைவரின் மனைவி. "அவர் வெளிய வருவாரா? அதை மட்டும் சொல்லுங்க."

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "அந்த வண்டி திரும்பி வரவே இல்லம்மா. போன கோட்டையே தலைகீழாத் திருப்பிப் போட்டுப் பச்சைக் கலர் அடிச்சிருக்காங்க. பெட்டி லேட்டா சொல்லுதா இல்லையான்னு திரும்பி வந்தாத்தான் தெரியும். அதை மட்டும் விட்டுட்டாங்க."

"யாருக்கா அப்படிச் செஞ்சது?"

"சாயந்திரத்துக்குள்ள சொல்றேன்."

அவள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். மேடத்துக்கு அது பிடிக்காது. ஆனாலும் அன்றைக்குத் தடுக்கவில்லை.

*

மத்தியானம் இரண்டு மணிக்கு அதே பைபாஸில் ஓட்டைவாயின் பழைய டாக்ஸி நடைபோட்டுக்கொண்டிருந்தது. கூரைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்று டிரைவரின் கூட்டாளிகள் டிப்போவிலிருந்து கழற்றித் தந்தது, விபத்து பஸ்ஸில் இருந்த அதே ரகம். இன்னொன்று நில அளவைக்காரர்கள் வைத்திருக்கும் அசல் சரக்கு. அதற்கு விரல்கடை அளவுகூடத் தப்பாது. அதை இரவல் வாங்குவதற்குள் மேடம் பழைய சிநேகிதர்கள் மூன்று பேரிடம் பல்லைக் காட்ட வேண்டியிருந்தது.

"முப்பத்தாறு கிலோமீட்டர் வேகம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நொடிக்குப் பத்து மீட்டர்னா எனக்குக் கணக்கு சுலபம்."

"உங்களுக்குச் சுலபம். பின்னால வர்றவன் என் பரம்பரையையே இழுக்கிறான் மேடம்."

"இழுக்கட்டும். உன் பரம்பரைக்கு வேற யார் விளம்பரம் குடுக்கப் போறா?"

போனார்கள். மரம் முடிந்த இடத்தில் திரும்பி, எதிர் ரோட்டில் வந்தார்கள். அப்புறம் வண்டியை ஓரங்கட்டி, பானெட்மேல் மடிக்கணினியை வைத்து, ஒவ்வொரு நொடிக்கும் இரண்டு பெட்டியும் சொன்ன இடத்தைப் புள்ளி வைத்தார் மேடம். அசல் பெட்டிக்கு நீலப் புள்ளி, பஸ் பெட்டிக்குச் சிவப்பு. வண்டி கிளம்புவதற்கு முன்னால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஓட ஆரம்பித்ததும் சிவப்பு பின்தங்கியது. போகும்போது நீலத்துக்கு மேற்கே முப்பது மீட்டர். வரும்போது கிழக்கே முப்பது மீட்டர்.

"ரெண்டு வழியிலயும் தப்புதானே காட்டுது. இதுல என்ன பெரிய விஷயம்?" என்றான் ஓட்டைவாய்.

"இடத்தைத் தப்பாக் காட்டுற பெட்டின்னா, எப்பவும் ஒரே பக்கம்தான் தள்ளிக் காட்டும். இது போகும்போதும் வண்டிக்குப் பின்னால, வரும்போதும் வண்டிக்குப் பின்னால. அப்போ அதுக்கு இடம் நல்லாத் தெரியுது. சொல்றதுக்குத்தான் நேரமாகுது."

"எங்க மச்சான் மாதிரி. கல்யாண வீட்டுக்கு வழி கரெக்டாத் தெரியும். வந்து சேர்றப்போ பந்தியே முடிஞ்சிருக்கும்."

"உன் மச்சானை நிறுத்தி வச்சுப் பார்த்தா குறையே தெரியாதில்ல? போலீசும் அதைத்தான் செஞ்சாங்க. பஸ்ஸைக் கொண்டுபோய் வெள்ளைக் கோட்டுல நிறுத்தி, பெட்டி சரியாச் சொல்லுதான்னு பார்த்தாங்க. நின்ன வண்டியில எல்லாப் பெட்டியும் உத்தமன்தான்."

"முப்பது மீட்டர், நொடிக்குப் பத்து…" ஓட்டைவாய் விரல் விட்டு எண்ணினான். "மூணு நொடி! முப்பத்திரண்டுல மூணு போனா இருபத்தொன்பது. சிவப்பு விழுந்தது முப்பதுல. ஐயோ மேடம், அவன் மஞ்சள்லதான் போயிருக்கான்! மொத நாள்லேருந்து உண்மையைத்தான் சொல்லியிருக்கான்!"

நடுரோட்டில் ஒரு குதி குதித்தான். மேடம் சிரிக்கவில்லை.

"அப்போ தபால்காரருக்குப் பச்சையே விழல. அவசரத்துல மிதிச்சிருக்காரு. அவர் வீட்லயும் ஒரு பொம்பள இருக்கா. அவகிட்ட இதை யார் போய்ச் சொல்றது?"

ஓட்டைவாய்க்குக் குதித்த கால் கூசியது.

"இது போதுமில்ல மேடம் கோர்ட்டுக்கு?"

"சான்று வாங்கின அறிக்கை பெருசா, ஓட்டை டாக்ஸி மேல கட்டி எடுத்த படம் பெருசான்னு கேப்பாங்க. அந்த அறிக்கையைப் போட்டவனே வாயைத் திறக்கணும். விசாரிச்சு வச்சிருக்கேன், வண்டியை எடு."

*

சோதனை போட்ட ஆள் கம்பெனியை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. இப்போது ஊருக்கு வெளியே லாரிகளுக்கு எடை போடும் நிலையத்தில் வேலை. தகரக் கூரை அறை, தூசி படிந்த கண்ணாடி ஜன்னல், வெளியே இரும்பு மேடைமேல் ஏறி இறங்கும் லாரிகள். மேடத்துக்கு அந்த நேரம் பார்த்து டிரைவரின் வக்கீல் போனில் வந்தார். மேடம் காருக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். ஓட்டைவாய் மட்டும் உள்ளே போனான்.

எடைக்காரர் கிராஃபைப் பார்த்த மாத்திரத்தில் பேனாவை மூடி வைத்தார்.

"எப்பவாவது ஒருத்தர் வருவாங்கன்னு தெரியும் தம்பி."

"திரும்பி வந்த கோடு எங்கண்ணே?"

"எங்கேருந்து வரும்? ரோடு முடியுற இடத்துல வண்டி பஞ்சர். மாத்து டயர் இல்ல. மானேஜர் அஞ்சு மணிக்குள்ள அறிக்கை வேணும்னு போன்ல கத்துறாரு. போனதைத்தான் அளந்தாச்சே, வர்றதும் அதே ஊரு, அதே ரோடுதானேன்னு நெனச்சேன். கோட்டைத் திருப்பிப் போட்டேன்."

"போன கோட்டுல முப்பது மீட்டர் பின்னால இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. மேப்புதான் தப்புன்னு நெனச்சு, கோட்டை முன்னால இழுத்து ஒட்ட வச்சேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வழியில மட்டும் பார்த்தா அது லேட்டுன்னு யாருக்கும் தோணாது தம்பி. அப்படியே நேரா நேரா பின்னால நிக்கும். இழுத்தா அழகா வந்து ஒட்டிக்கும். திரும்பி வந்திருந்தா அன்னிக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். நாலு மாசம் கழிச்சு வேற பெட்டிக்குச் சோதனை போடும்போதுதான் உறைச்சுது. மானேஜர்கிட்ட சொன்னேன். சான்று வந்தாச்சு, பொத்திக்கிட்டுப் போன்னாரு. வேலையை விட்டுட்டேன்."

"வெளியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

எழுந்து அலமாரிக்குள் கையை விட்டு ஒரு கட்டை எடுத்தார். அறிக்கையின் முழுப் பிரதி. கொடுக்க வந்தவர், ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"அவங்க யாரு? அவங்களையா கூட்டிட்டு வந்தீங்க?"

"எங்க மேடம். ஏன்?"

எடைக்காரர் கட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அளவீட்டுக் கூடத்தின் முத்திரை. 'முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கையெழுத்து.

ஓட்டைவாய் குனிந்து பார்த்தான். வாலைச் சுழித்துக் கோடு போடும் அந்தக் கையெழுத்து அவனுக்கு மனப்பாடம். அவன் எழுதிக் கொடுத்த விடுமுறைக் கடிதங்கள் அத்தனையிலும் 'முடியாது' என்று எழுதி அதற்குக் கீழே விழுவது அதுதான்.

"ஏழு வருஷத்துக்கு முன்னால," என்றார் எடைக்காரர். "அப்போ பெட்டிக்கு வேற பேரு, வேற கலரு. இப்போ மேலுறையை மாத்தி விக்கிறாங்க, உள்ளே அதேதான். தம்பி, வேணும்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சுடவா?"

ஓட்டைவாய் வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. அவன் வாழ்நாளில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

"நான் கோர்ட்டுக்கு வர்றேன். ஆனா என்னை மட்டும் கூண்டுல ஏத்திட்டு அவங்க பார்வையாளர் பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பார்க்கக் கூடாது. அவங்களும் வரணும்," என்றார் எடைக்காரர்.

ஓட்டைவாய் கடைசிப் பக்கத்தை உருவி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

*

கார் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போனது. ஓட்டைவாய் ஹார்ன்கூட அடிக்கவில்லை.

"என்ன, மௌன விரதமா?" என்று கேட்டபடி மேடம் பக்கங்களைப் புரட்டினார். "மனுஷன் எல்லாத்தையும் சொல்லிட்டானா?"

"சொல்லிட்டாரு மேடம். கோர்ட்டுக்கும் வர்றாராம். கேஸ் முடிஞ்சுது."

"எத்தனை பக்கம் குடுத்தான்?"

"அதான் கையில இருக்கே. பதினொண்ணு."

"அளவீட்டுக் கூடத்துக்கு வர்ற எந்த அறிக்கையும் பன்னிரண்டு பக்கம். பன்னிரண்டாவது, சரிபார்த்தவர் பக்கம். எங்கே?"

"கரையான் தின்னிருக்கும் மேடம்."

"வண்டியை நிறுத்து."

நிறுத்தினான். மேடம் கையை நீட்டினார். ஓட்டைவாய் கண்ணாடியைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், கடைசியில் பைக்குள் கையை விட்டான்.

அவர் படித்தார். ஒரே வரிதான், ஆனால் வெகுநேரம் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஒரு நாளைக்கு நாப்பது அறிக்கை வரும்," என்றார். "எண்கள் இருக்கிற பக்கத்தைப் பார்ப்பேன். சராசரி, உச்சம், எல்லாம் வரம்புக்குள்ள இருக்கா? கையெழுத்து. படத்தை எவன் பார்த்தான்? இன்னிக்குக் காலையில ரெண்டு நிமிஷம்கூட ஆகல எனக்கு. ரெண்டே நிமிஷம்டா."

"மேடம், அந்தப் பக்கம் இல்லாமலே கேஸ் நிக்கும். நம்ம படம் இருக்கு, அவர் சாட்சி இருக்கு. நீங்க ஏன் நடுவுல போய்த் தலையைக் குடுக்கணும்? சரின்னு கையெழுத்துப் போட்டவங்களே இப்போ தப்புன்னு சொன்னா, எது பொய்னு உங்களைத்தான் கிழிப்பாங்க. டிரைவருக்குத்தான் கெடுதல்." ஓட்டைவாய் மேடம் பக்கம் திரும்பினான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

"கம்பெனிக்காரன்கிட்ட பன்னிரண்டு பக்கமும் இருக்கு. நான் மறைச்சா, வியாழக்கிழமை நான் பேசி முடிச்சதும் அரசு வக்கீல் கையில அது வந்து சேரும். அப்போ நம்ம படமும் பொய், நானும் பொய். அவன் ஏழு வருஷம் உள்ள." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வக்கீலுக்குப் போன் போடு. இந்தப் பக்கத்தை முதல்ல நாமளே குடுக்கணும். நான் எடுத்த படத்தை நம்ப வேண்டாம், நீதிபதி அனுப்புற ஆளு அதே பெட்டியை வச்சுப் போயிட்டு வந்து புள்ளி வைக்கட்டும்னு மனு போடச் சொல்லு. என் கையெழுத்து இல்லாத படமா இருக்கட்டும்."

"அப்புறம் உங்க பேரு?"

"பேரா? ஆஸ்பத்திரிக்கு விடு."

*

சலவைக்கூடத்தில் நீராவி முட்டிக்கொண்டு நின்றது. டிரைவரின் மனைவி படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கண்டுபுடிச்சீங்களா?"

"உன் புருஷன் மஞ்சள்லதான் போயிருக்கான். வியாழக்கிழமையே விடுவாங்கன்னு சொல்ல முடியாது. மறுபடி அளக்க நாள் கேப்பாங்க. ஆனா வெளிய வந்துடுவான்."

அவள் அழுதாள். அழுதுகொண்டே ஓட்டைவாயைப் பார்த்து, "அண்ணே, கேட்டீங்களா அண்ணே," என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார் மேடம். கையை விடுவித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை நீட்டினார். "பெட்டி சரின்னு சொன்ன பொய் அறிக்கைக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான். பார்க்காம போட்டேன்."

மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் காகிதத்தையும் மேடத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதல் தடவை நான் உங்ககிட்ட வந்தப்போ என்ன சொன்னீங்க? பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா, மனுஷன்தான் சொல்லுவான்னு சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் அவரைச் சந்தேகப்பட்டேன். மறுநாள் ஜெயிலுக்குப் போய், உண்மையைச் சொல்லித் தொலைங்கன்னு அவர்கிட்டயே கத்தினேன். அவர் அழுதாரு."

"தப்புதாம்மா. எல்லாம் என் தப்பு."

"என் பிள்ளை கிளாஸ்ல 'கொலைகாரன் மகன்'னு பேரு வாங்கினது?"

ஓட்டைவாய் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

"இந்தப் பெட்டி இன்னும் எத்தனை வண்டியில இருக்கு?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"அதைக் காட்டி எத்தனை பேரை உள்ள போட்டிருக்காங்க?"

"தெரியாதும்மா."

"கண்டுபுடிங்க, மேடம். அதானே உங்க வேலை?"

அக்கா என்று அவள் கூப்பிடவில்லை. காகிதத்தை மேடத்தின் கையில் திருப்பித் திணித்துவிட்டு, மடித்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு நீராவிக்குள் போய்விட்டாள்.